உங்களுக்குத் தெரியுமா? – மாணவப் பருவத்து மனச்சோர்வு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் எழுவருள் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அத்தகைய கோளாறுகளுள் முக்கியமான ஒன்றான மனச்சோர்வு, இப்பருவத்தில் கண்ணீராக மட்டுமன்றி, ஓயாத சிடுசிடுப்பாகவும், தொடப்படாமலே வீடு திரும்பும் மதிய உணவு டப்பாவாகவும், தேதி மட்டும் எழுதப்பட்ட நோட்டுப் பக்கமாகவும் வெளிப்படக்கூடும். பரீட்சை பயம், சகமாணவரின் பரிகாசம், குடும்பக் கலகம், நித்திரைக் குறைவு, பரம்பரைக் கூறு எனப் பல காரணங்கள் ஒன்றுகூடி விளைவிக்கும் இந்நோயைச் சோம்பலென்றோ திமிரென்றோ கருதித் தண்டிப்பது பெரும் அநியாயம். இரண்டு வாரங்களுக்கு மேல் இந்நிலை நீடிக்குமாயின், அருகில் அமர்ந்து அன்போடு விசாரித்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே பெரியோர் கடமை. இந்தியாவில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் ‘டெலிமானஸ்’ மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது.