பண்ணை வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு நஷ்டஈடு

ஏரும் ஏற்றமும் கொண்டு பயிர்த்தொழில் நடந்த காலத்தில் வயல் வேலையில் நேரும் விபத்துக்கள் பெரும்பாலும் பாம்புக்கடி, மாடு முட்டுதல், மரத்தினின்று விழுதல் என்ற அளவில் இருந்தன. டிராக்டரும் மின்சாரப் பம்பும் கதிரடிக்கும் யந்திரமும் வந்தபின் வேலை விரைவாயிற்று, அபாயமும் கூடிற்று. கதிரை உள்ளே தள்ளும் கை உருளையில் சிக்குதல், சுழலும் பெல்ட்டில் வேட்டி மாட்டிக்கொள்ளுதல், ஈரக்கையால் ஸ்விட்சைத் தொட்டு மின்சாரம் தாக்குதல், பூச்சிமருந்து தெளிக்கையில் விஷம் ஏறுதல் ஆகியவை இன்று எந்தக் கிராமத்திலும் நேரக்கூடியவை. இவ்வாறு ஒரு கூலியாள் கையை இழந்தால் அந்த நஷ்டத்தை ஏற்கவேண்டியவர் யார் என்பதைச் சட்டம் நெடுநாட்களுக்கு முன்னரே தீர்மானித்துவிட்டது. எனினும் நிலமுடையோரில் பலர் இதனை அறியாதிருப்பதால், முக்கிய விஷயங்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

சட்டத்தின் வரலாறு

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. முதலில் தற்காலிகக் கூலியாட்களில் ஒரு பகுதியினர் இதற்குப் புறம்பாயிருந்தனர்; 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணையிலிருந்த ஆள்தொகைக் கட்டுப்பாடுகளை அகற்றியது. இச்சட்டத்தின் ஷரத்துக்கள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நிலம் பயிரிடுதல், கால்நடை பராமரித்தல், கிணறு வெட்டுதல், பம்புகளைப் பழுது பார்த்தல், பூச்சிமருந்து தெளித்தல், யந்திர அறுவடை, கதிரடிப்பு, டிராக்டர், பவர் டில்லர் வேலை ஆகியவை அதன் அட்டவணையில் கூறப்பட்ட தொழில்களாம்.

எப்பொழுது கடமை ஏற்படும்?

வேலையின் காரணமாகவும் வேலை நடக்கும்பொழுதும் விபத்து நேர்ந்து காயம் உண்டானால், வேலை கொடுத்தவர் நஷ்டஈடு செலுத்தவேண்டும். அவர்மீது குற்றம் உண்டா என்பது கேள்வியன்று. வேலையாள் சற்றுக் கவனக்குறைவாக இருந்தார் என்பதும் போதிய மறுப்பாகாது. மூன்று நாட்களுக்கு மேற்படாத இயலாமைக்கு நஷ்டஈடு இல்லை. வேலையாள் குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினாலோ உடையவருக்கு விலக்கு உண்டு. ஆனால் மரணமோ நிரந்தர முழு இயலாமையோ நேர்ந்துவிட்டால் இவ்விலக்கும் கிடையாது.

தம் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தாலும், காயமுற்றவர் உடையவரிடமே நஷ்டஈடு கோரலாம். உடையவர் பின்னர் அத்தொகையை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

தொகை கணக்கிடும் முறை

மரணத்திற்கு மாதக் கூலியில் நூற்றுக்கு 50 பங்கையும், நிரந்தர முழு இயலாமைக்கு 60 பங்கையும் எடுத்து, வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கவேண்டும். வயது 30 ஆனால் பெருக்கெண் 207.98, வயது 50 ஆனால் 153.09. கணக்கிற்கு எடுக்கும் மாதக் கூலிக்குச் சர்க்கார் உச்சவரம்பு விதிப்பதுண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

உறுப்பு இழப்புக்கும் அட்டவணை உண்டு. ஒரு கை போனால் 60 சதவீதம், ஒரு கண் போய் மற்றது நன்றாயிருந்தால் 40, கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் இழப்பு என்று கொள்ளப்படும். உதாரணமாக, மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் 30 வயதுத் தொழிலாளியின் கட்டைவிரல் கதிரடிக்கும் யந்திரத்தில் துண்டிக்கப்பட்டதாகக் கொள்வோம். முழு இயலாமைக்குரிய தொகை 7,200 x 207.98 = 14,97,456 ரூபாய். அதில் 30 சதவீதம், அதாவது சுமார் 4,49,237 ரூபாய், அவருக்குச் சேரவேண்டியதாகும். அவரே இறந்துபோயிருந்தால் குடும்பத்துக்குரிய தொகை 12,47,880 ரூபாய்.

தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதத்திற்கு ஒருமுறை மாதக் கூலியின் கால் பங்கு கொடுக்கவேண்டும். வைத்தியச் செலவும் உடையவரைச் சேர்ந்ததே.

ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துக்கொள்ளலாமா?

விபத்து நேர்ந்தவுடன் சில ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, "இனி ஒரு பாத்தியதையும் இல்லை" என்று கைநாட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய அத்தகைய பத்திரம் சட்டப்படி செல்லாது. மொத்தத் தொகைக்குச் சமாதானம் செய்தால் அதனை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். தொகை போதாதென்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யாத உடையவர் முழுத் தொகைக்கும் பொறுப்பாவதுடன், முன்பு கொடுத்ததில் பாதிக்குமேல் கழித்துக்கொள்ளவும் சாதாரணமாக உரிமையில்லை. மரணத்திற்குரிய தொகையை அதிகாரியிடமே கட்டவேண்டும். குடும்பத்தாரிடம் நேரே கொடுத்தால் அது செலுத்தியதாகாது. ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிடில் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை அபராதமும் விதிக்கப்படலாம்.

செய்யவேண்டியவை

நிலமுடையோர் விதைக்கும் எருவுக்கும் ஒதுக்குவதுபோல இதற்கும் சாகுபடிச் செலவில் ஒரு பங்கு ஒதுக்குதல் நலம். கூலியாட்களுக்கான நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டால், ஒரே விபத்தில் நிலத்தை விற்கும் நிலை வராது. கதிரூட்டும் தொட்டி போதிய நீளமும் மேல்மூடியும் உடையதா என்று பார்த்தே யந்திரத்தை ஓட்டவேண்டும். பெல்ட்டுக்கும் டிராக்டரின் சுழல்தண்டுக்கும் காப்பு வேண்டும். பம்புசெட்டுக்குப் பூமித்தொடர்புக் கம்பி அவசியம். கூலி கொடுத்த கணக்கைத் தேதிவாரியாக எழுதிவைத்தால், பின்னர் கூலி எவ்வளவு என்ற வழக்கு எழாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் விபத்தின் நாள், இடம், யந்திரம், சாட்சிகள் ஆகியவற்றை உடனே குறித்துவைப்பது பெரிதும் உதவும். விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனுச் செய்யவேண்டும் என்பதையும் குடும்பத்தாருக்கு அறிவிக்கவேண்டும். 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் போன்ற சர்க்கார் உதவிகள் வேறு. உடையவரின் கடமை வேறு. ஒன்று கிடைப்பதனால் மற்றது தீர்ந்துவிடாது.

கை இழந்த தொழிலாளிக்குக் கொடுப்பது தருமமன்று; அவருக்குச் சேரவேண்டிய பாத்தியதை. அதனை முறைப்படி செலுத்துகிறவருக்கு வழக்குமில்லை. அடுத்த பருவத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற குறையுமில்லை.