முழு ஆண்டுத் தேர்வுக்கு மறுநாள்

புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் குன்று கால் வைக்க முடியாமல் சுடத் தொடங்கும் ஏப்ரலில்தான் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் முழு ஆண்டுத் தேர்வு முடிகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஆட்டிசம் உள்ள பிள்ளையோ மறுநாள் காலையும் சீருடையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். "இன்னைக்கு ஸ்கூல் இல்லடா கண்ணு" என்றதும் அலறும். அல்லது ஸ்கூல் எப்போ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். "லீவு விட்டும் அடங்க மாட்டேங்குதே" என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். லீவு விட்டதால்தான் அடங்கவில்லை என்பது பலருக்குப் புரிவதில்லை.

பள்ளி கொடுத்தது பாடம் மட்டுமல்ல

லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆட்டிசத்தை விரிவாக விவரித்தார். எல்லாம் நேற்றுப்போலவே இருக்க வேண்டும் என்ற அந்தக் குழந்தைகளின் தவிப்பை அவர் அப்போதே குறித்திருக்கிறார். பள்ளி அந்தத் தவிப்பைத் தணிக்கிற இடம். அதே மணி, அதே இடம், அதே டீச்சர் குரல். காலை உணவிலும் சத்துணவிலும் இன்ன கிழமைக்கு இன்ன சாப்பாடு என்ற ஒழுங்கு. தட்டில் விழுவதைப் பார்த்தே கிழமையைத் தெரிந்துகொள்ளும் பிள்ளையும் உண்டு.

அந்த ஒழுங்கு லீவு விட்ட அன்று ஒரே அடியாகப் போய்விடுவதில்லை. தேர்வு தொடங்கியதுமே வழக்கமான பாடவேளை நின்றுபோகிறது. இடம் மாற்றி உட்கார வைக்கிறார்கள். சுவரில் இருந்த சார்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். பிள்ளை ஏப்ரல் தொடக்கத்திலேயே நிலைகுலைகிறது. நாம் மே மாதத்தில்தான் கவனிக்கிறோம்.

தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, கையைக் கடித்துக்கொள்வது எல்லாம் இந்த நாள்களில் வரக்கூடியவை. ஆனால் எல்லாவற்றையும் லீவின் தலையில் போட்டுவிடக் கூடாது. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் அலறலுக்குப் பின்னால் மலச்சிக்கலோ சொத்தைப் பல்லோ காதுவலியோ இருக்கலாம். அதை முதலில் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். ஆட்டிசத்தோடு வலிப்பு நோயும் இருப்பது அபூர்வமல்ல. ஊருக்குப் போகும் அவசரத்தில் வலிப்பு மாத்திரையை விட்டுவிடுவது ஆபத்து.

காலண்டரில் காட்டுங்கள்

"இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு லீவு" என்ற சொல் இந்தப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் நிற்பதில்லை. கண்ணால் பார்த்தது நிற்கும். நம் வீடுகளில் தொங்கும் தினசரி காலண்டர் இதற்கு அவ்வளவாக உதவாது. அதில் நாளைய தாள் தெரியாது. மாதக் காலண்டர் நல்லது. பள்ளி நாளுக்கு ஒரு நிறம், வீட்டு நாளுக்கு இன்னொன்று, பாட்டி வீட்டுக்கு வேறொன்று. தினமும் ஒரு கட்டத்தைப் பிள்ளையே அடிக்கட்டும். இதை லீவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த சமூகக் கதை முறையும் எளிதுதான். வகுப்பறை, பூட்டிய பள்ளி கேட், வீடு, மீண்டும் திறந்த கேட் என்று நாலைந்து செல்போன் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. இதற்குக் காசு கொடுத்துப் பயிற்சி வகுப்பு தேடி ஓட வேண்டியதில்லை. அன்னவாசல் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

லீவு முழுவதையும் நிரப்ப வேண்டாம். எழும் நேரம், சாப்பாட்டு நேரம், குளியல், படுக்கை ஆகியவை பள்ளி நாள் போலவே நடந்தால் போதும். நடுவில் சும்மா இருக்க விடுங்கள். வருடம் முழுக்கக் கூச்சலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை அது. விசிறியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் கிடந்தால் கிடக்கட்டும். சம்மர் கேம்ப் மோகம் இந்த வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது; எனக்கு அதில் உடன்பாடில்லை.

குடைவரைக்கு ஒரு காலை

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் சித்தன்னவாசல் குன்றில் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் நல்ல இடம், சில எச்சரிக்கைகளோடு. கூரையில் உள்ள தாமரைக் குளத்தின் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்களை முதல் நாளே படத்தில் காட்டிவிட்டால், அங்கே போய்த் தேடுவதற்குப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கும். உள்ளே குளிர்ச்சி, மங்கிய வெளிச்சம். ஆனால் கருவறைக்குள் யாராவது முனகிப் பார்த்தால் அறையே அதிரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது விளையாட்டு, ஒலி தாங்காத பிள்ளைக்குச் சித்திரவதை. கூட்டம் சேரும் முன், காலையிலேயே போய்விடுங்கள். சமணப் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குப் பாறை ஓரமாக ஏற வேண்டும். பயம் அறியாத, கையை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளையை அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

ஊர்த் திருவிழாவும் இந்தப் பருவத்தில்தான். நார்த்தாமலை மாரியம்மனின் பங்குனித் திருவிழா தேர்வுக் காலத்தை ஒட்டியே வரும். வேட்டுச் சத்தத்துக்குக் காதை அடைக்கும் ஹெட்போனும், திரும்பிவிட ஒரு வண்டியும் தயாராக இல்லையென்றால், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று பார்க்காமல் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

கண்மாய், கிணறு

இதுதான் உயிர் விஷயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடுவது அதிகம்; பலரைத் தண்ணீர் ஈர்க்கும். பள்ளி நாளில் ஆசிரியர்களின் கண்ணில் இருந்த பிள்ளை, மே மாத மதியத்தில் எல்லாரும் அசந்து தூங்கும் நேரத்தில் எழுந்து போகலாம். புதுக்கோட்டைப் பக்கம் ஊருணியும் கண்மாயும் மொட்டைக் கிணறும் எட்டும் தூரத்தில்தான். கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். போன் எண் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்துங்கள். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர்ப் பக்கம். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

ஜூன் எந்தத் தேதி?

பள்ளி எப்போது திறக்கும் என்பது தமிழ்நாட்டில் எளிய கேள்வி அல்ல. 2023இல் வெயிலால் பள்ளி திறப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6 என்று அறிவித்து 10ஆம் தேதிக்கு மாற்றினார்கள். ஆகவே காலண்டரில் திறக்கும் நாளைப் பேனாவால் எழுத வேண்டாம். பள்ளியின் படம் ஒட்டிய ஒரு சிறு அட்டையைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். தேதி மாறினால் பிள்ளையின் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறவர்களுக்குச் சிரமம் இரட்டிப்பு. எந்தச் சத்தம் ஆகாது, எப்படிச் சொன்னால் கேட்பான் என்று பழைய ஆசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி, டி.சி.யோடு புதிய தலைமையாசிரியரிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சேர்க்க மறுக்க யாருக்கும் இடமில்லை. திறப்பதற்கு முன் ஒருநாள் வெறும் கட்டடத்தையும் கழிப்பறையையும் காட்டிவிடுங்கள். புதுச் சீருடையின் கழுத்து லேபிளை வெட்டி, விறைப்புப் போக இரண்டு முறை துவைத்து, மே கடைசியிலேயே வீட்டில் போட்டுப் பழக்குங்கள்.