போத்தல் நீரும் குழாய் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. நம் கிணறுகளுக்கு அதுவே ஊற்று. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருத்தலை மாணவர் அறிவர். அவ்வூற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏறிற்று. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே மிகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று 2015இல் மக்கள் போராடினர். ஆதலின் போத்தல் நீரை நாடினோரை யாம் குறைகூறோம்.

ஆயினும் அதன் விலை கடையிற் கொடுக்கும் காசோடு முடிவதில்லை. பெற்றோலியத்திலிருந்து ஆக்கப்படும் அப்போத்தல் மட்காது. வெயிலில் நொறுங்கி நுண்துகளாய் மண்ணிற் கலக்கும். யாம் பெரிதும் அஞ்சுவதோ பிறிதொன்று. வசதியுள்ளோர் போத்தல் வாங்கத் தொடங்கியபின் பொதுக்கிணற்றைப் பற்றிக் கேட்பாரில்லை. வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை அதிலேயே குடிக்கின்றது. எம் வகுப்பில் ஒரே வாங்கில் இவ்விரு பிள்ளைகளையும் காண்கின்றோம்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமாறு அமைக்கப்பட்டது. அதற்கும் மின்செலவு மிகுதி. கழிவுப்பும் கடலையே சேரும். எனினும் குழாய்நீர் கெட்டால் தெருவார் எல்லாரும் சேர்ந்து முறையிடுவர். யூபிலிக்கு வரும் பழைய மாணவர், விடுதிக் கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதிப்பித்து, பெறுபேற்றை அறிவித்தற்பலகையில் இடுவிப்பாராக.