பூமியின் வரவு செலவுக் கணக்கு

மாணவர்களே, நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால்மரம் சீவுவது ஏன் தெரியுமா? குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேற்றுவதால் இந்தக் குளிர்ச்சி கிடைக்கிறது. மேகம் மூடிய இரவில் வெப்பத்தின் ஒரு பகுதி நிலத்துக்கே திரும்பும், குளிர் குறையும்.

கரியமில வாயுவும் இப்படித்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. மேகம் கலைந்துவிடும், இந்த வாயுவோ பல நூற்றாண்டுகள் தங்கும்.

பூமியின் கணக்கைப் பார்ப்போம். சூரியனிடமிருந்து சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட் வருகிறது. சுமார் 100 வாட் மேகங்களிலும் பனியிலும் பட்டு எதிரொளிக்கிறது. மீதி 240 வாட்டைப் பூமி ஏற்கிறது. அதே அளவு வெளியேறினால் கணக்கு சமம்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதனால் ஏறத்தாழ 1 வாட் வெளியேறாமல் தங்குகிறது. ஒரு வாட்தானே என்று நினைக்காதீர்கள். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால், உலகம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தைவிட நூறு மடங்குக்கும் அதிகம்! இதில் சுமார் 90 விழுக்காடு கடலுக்குள் போகிறது.

வரவும் செலவும் சமமாகும்வரை பூமி சூடேறும். நாம் வாயுவைக் கூட்டக் கூட, அந்த நாள் தள்ளிப்போகும்.