தீவுக்குப் போகுமுன், ரூம் போடுமுன்

விருதுநகரை அடுத்த சூலக்கரையிலும் சுற்று வட்டாரத்திலும் குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளைப் பட்டாசுதான் முடிவு செய்கிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் ஓயும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கச் சில வாரங்கள் ஆகும். கையில் போனஸ் மிச்சம் இருக்கும், வேனுக்கு ஆளும் சேர்ந்துவிடும். எங்கே போகலாம் என்ற பேச்சு பெரும்பாலும் ராமேஸ்வரத்தில் வந்து நிற்கும். அருப்புக்கோட்டை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டிப் பாலம் ஏறினால் தீவு. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே பெரிய தீவு அதுதான்.

ஆனால் அந்த வாரங்கள்தான் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்க்கும் காலம். ஆகவே எங்கே தங்குவது என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: என்ன செய்யப் போகிறோம், எந்த நேரத்தில், எந்தக் காற்றில்.

கோயிலுக்காகப் போகிறவர்களுக்குக் கணக்கு ஈரத் துணியில் தொடங்குகிறது. முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றுக் கட்டையில் நின்றபடி வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். கடைசிக் கிணறான கோடி தீர்த்தம் முடியும்போது ஆள் நடுங்கிப் போயிருப்பார். ஈரத்தோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். துணி மாற்றித்தான் ராமநாதசுவாமியைப் பார்க்க முடியும். கார்த்திகை மாதக் காற்றில், எழுபது வயது அத்தையை ஈரச் சேலையோடு ஆட்டோவில் ஏற்றி இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ‘சொகுசு’ ஓட்டலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பவும் அழைத்து வருவது என்றால், அதன் பிறகு தரிசனத்தில் யாருக்கு மனம் நிற்கும்? மறுநாள் விடியுமுன் ஸ்படிக லிங்க தரிசனம் வேறு இருக்கிறது. அதற்கு நாலு மணிக்கே எழ வேண்டும். வயதானவர்கள் உடன் வந்தால் ரத வீதிகளை ஒட்டிய இடமே சரி. ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடை தூரம்தான் முக்கியம்.

அந்த வீதிகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தரம் ஏறி இறங்கும். தேவஸ்தான விடுதிகள் இருக்கின்றன. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடந்துபோன காலத்தில் சமூகங்கள் கட்டிவைத்த சத்திரங்களும் மடங்களும் இருக்கின்றன. வடநாட்டு யாத்ரீகர்களுக்கான தர்மசாலைகளும் உண்டு. லாட்ஜ்களைச் சொல்லவே வேண்டாம். கடலைப் பார்த்தபடி தங்க ஆசைப்பட்டால் சங்குமால் பக்கம் அரசின் ‘ஹோட்டல் தமிழ்நாடு’ இருக்கிறது. அங்கிருந்தும் கோயில் பக்கம்தான். என்னைக் கேட்டால், இருபது பேர் கொண்ட வேனுக்குச் சத்திரத்தை மிஞ்சியது இல்லை. ஹாலில் பாய் விரித்தால் செலவும் குறையும், பேச்சும் வளரும். தனியறையும் தனிக் குளியலறையும் இல்லாமல் தூக்கம் வராது என்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. “அண்ணாச்சி, குளிக்கிற தண்ணி நல்ல தண்ணியா, உப்பா?” மணல் தீவில் நிலத்தடித் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். கடலில் குளித்த உடம்பை உப்புத் தண்ணீரில் கழுவினால் ராத்திரி முழுக்கப் பிசுபிசுப்புதான். வண்டியை எங்கே விடுவது என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள்.

இளவட்டங்கள் கேட்பது வேறு: தனுஷ்கோடியில் ரூம் கிடைக்குமா? கிடைக்காது. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் அந்த ஊரை ரயிலோடு சேர்த்து வாரிக்கொண்டு போனது. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர் குடும்பங்கள் குடிசை போட்டு இன்னமும் இருக்கின்றன. இடிந்த தேவாலயமும் நிற்கிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. ஆனாலும் பொழுது சாயத் தொடங்கினால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். தீவின் மிக அழகான மூலையில் இரவு தங்க முடியாது. அதில் எனக்கு வருத்தமில்லை.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமும் ஓட்டல்கள், ரிசார்ட்டுகள் இருக்கின்றன. கார் வைத்திருப்பவர்களுக்கும், பாலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அது தோது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. மீன் சாப்பாடு வேண்டுமானாலும் இந்தப் பக்கம்தான். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவில் வளர்ந்த நாக்கு இரண்டாம் நாளே முணுமுணுக்கத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இனி காற்று. தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் ஆண்கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, அது பெண்கடல். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. தென்றல் காலத்தில் தெற்கு சீறும், வடக்கு குளம்போல் கிடக்கும். வாடைக் காற்று வந்ததும் நிலைமை தலைகீழ். கோடையில் சாதுவாக இருந்த கடற்கரை ரிசார்ட், தீபாவளிக்குப் பிறகு ஜன்னல் திறக்க முடியாத இடமாகிவிடலாம்.

உலகத்தின் எந்தத் தீவிலும் இதே கதைதான். கரீபியனில் காற்று ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுகிறது. பார்படாஸின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலை அடித்து நொறுக்கும். பணக்கார விடுதிகள் அமைதியான மேற்குக் கரையில் வரிசை கட்டி நிற்கும். புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. வாடகை குறைவதும் அப்போதுதான். குவாதலூப் தீவு இரண்டு சிறகாக இருக்கிறது: கிழக்குச் சிறகில் கடற்கரை, மேற்கில் மழைக்காடும் 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலையும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய சாங்ஜி கோயிலைப் பார்க்க விரும்புகிறவர் மேற்குச் சிறகில்தான் தங்க வேண்டும்.

அவ்வளவு தூரம் வேண்டாம், அந்தமான் போதும் என்பவர்களும் நம் பக்கம் கூடிவருகிறார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்; ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. ஸ்வராஜ் தீவில் விடுதிகள் பலவும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. சூரிய அஸ்தமனத்துக்குப் பேர்போன ராதாநகர் கடற்கரையோ மேற்கில். கிழக்கில் தண்ணீர் வற்றும் நேரத்தில் கால் நனைக்கவே பாறையில் வெகுதூரம் நடக்க வேண்டும். அதைவிட முக்கியமானது கடைசி இரவு. 2016 டிசம்பரில் புயல் காற்றால் கப்பல் நின்று, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படை போய்த்தான் மீட்டது. திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு ஸ்ரீ விஜயபுரத்திலேயே படுத்துவிடுங்கள். சின்னத் தீவில் இன்னொரு நாள் என்று பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சிவகாசி காலண்டர் அச்சகக்காரர்களுக்கு மழை விஷயத்தில் அதிர்ஷ்டம். டிசம்பர் முடியும்வரை கை ஓயாது. ஓயும்போது மழை போயிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ராமேஸ்வரமும் அந்தமானும் நன்றாக இருக்கும். ராமேஸ்வரம் போகிறவர்கள் தை அமாவாசை என்றைக்கு என்று தாங்கள் அச்சடித்த காலண்டரிலேயே பார்த்துக்கொண்டால் போதும். அதை ஒட்டிய நாள்களில் கோயிலைச் சுற்றி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஊரிலோ ராமநாதபுரத்திலோ தங்கி, விடியுமுன் பாலத்தைத் தாண்டிவிட வேண்டியதுதான்.