பொய் காட்டும் யந்திரமும் அதை ஏய்க்கும் வித்தையும்

லயத்தில் ஒரு நகை காணாமற் போய்விட்டால், சந்தேகத்துக்கு ஆளானவரைக் கோயில் வாசலில் நிறுத்திச் சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்வதும், அவர் கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையே குற்றத்துக்கு அத்தாட்சியாகக் கொள்வதும் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் அறியாத விஷயமல்ல. 1921இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொலிஸில் பணியாற்றிய ஜோன் லார்சன் அமைத்த பொலிகிராப் என்னும் யந்திரமும் அத்தகைய நடுக்கத்தையே தாளில் கோடாக வரைந்தது.

இன்றைய யந்திரத்தில், மார்பிலும் வயிற்றிலும் சுற்றிய குழாய்கள் சுவாசத்தையும், மேற்கையில் கட்டிய காற்றுப்பட்டி இரத்த அழுத்தத்தையும் நாடியையும், விரல்களிற் பொருத்திய தகடுகள் வியர்வையால் தோலில் நேரும் மின்மாற்றத்தையும் பதிகின்றன. பொய்க்கென்று தேகத்தில் தனிக்குறி எதுவும் இல்லாமையால், பரீட்சகர் இருவகை வினாக்களைக் கலந்து கேட்கிறார். 'அந்தப் பணத்தை எடுத்தது நீங்களா?' என்பது ஒன்று. 'பிறர் பொருளை வாழ்நாளில் எப்போதாவது எடுத்ததுண்டா?' என்பது மற்றது. குற்றவாளி முன்னதற்கும் நிரபராதி பின்னதற்கும் அதிகமாகக் கலங்குவார் என்ற அனுமானத்தின் மீதே பரீட்சை முழுவதும் நிற்கிறது.

ஏய்ப்பவர் கைவைப்பதும் அந்த அனுமானத்தில்தான். இரண்டாம் வினா வரும்போது நாக்கைக் கடித்தோ, கால்விரலை அழுத்தியோ, மனத்துக்குள் ஏழேழாகக் கழித்து எண்ணியோ கலக்கத்தைச் செயற்கையாக உயர்த்திவிட்டால், முதல் வினாவின் கோடு தாழ்ந்து தோன்றும். பொலிகிராப்பின் முடிவால் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு ஒஹையோ மாநிலத்தில் பிழையாகச் சிறையிடப்பட்ட ஒருவர், தங்கள் குற்றத்தைத் தம்மிடம் ஒப்புக்கொண்ட 27 சக கைதிகளுக்குச் சுமார் 20 நிமிடம் பயிற்சியளிக்க, அவர்களில் 23 பேர் பரீட்சையில் தேறினார்கள். நாற்காலியில் வைக்கும் உணர்கருவிகள் அசைவைக் காட்டிக்கொடுக்கும் என்பது பரீட்சகர் தரப்பு வாதம். மனத்துக்குள் நடக்கும் கணக்கை எந்த நாற்காலி அறியும்? சோவியத்துக்கு உளவு சொன்ன அமெரிக்க அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இப்பரீட்சையைக் கடந்தே சென்றார். அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கையும், ஊழியரைச் சலித்தெடுக்க இதனை நம்புவது தகாது என்றே கண்டது.

பயின்றவன் தப்பிவிடுவதைக் காட்டிலும், பயத்தாலேயே நடுங்கும் நிரபராதி அகப்படுவதுதான் என்னை வருத்துகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் 2010 மே 5ஆந் திகதி அளித்த தீர்ப்பு இதற்கு ஓர் அரண் கட்டியது: எவரையும் பலவந்தமாக இப்பரீட்சைக்கு உட்படுத்துதல் கூடாது, சம்மதித்தாலும் அச்சம்மதம் நீதவான் முன்னிலையில் பதியப்பட வேண்டும், சட்டத்தரணியின் துணை கிட்ட வேண்டும், பரீட்சையின் உடல், மன, சட்ட விளைவுகளை முன்கூட்டியே விளக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவர் எந்நாளேனும் அந்த நாற்காலியில் அமர நேர்ந்தால், அவ்விளக்கம் அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லப்படாதவரை, அவர் இடும் கைநாட்டைச் சம்மதமென்று நான் கொள்ள மாட்டேன்.