கதவு திறந்தால் மட்டும் போதுமா?

விருதுநகர் ஜில்லாவிலே வாலிபர் பலர் இணையத்தில் சொந்தப் பக்கங்கள் அமைத்து எழுதி வருகின்றனர். அரசியல் கருத்தும் சங்க அறிவிப்பும் திருவிழா அழைப்பும் அங்கே வெளியாகின்றன. நற்காரியமே. ஆனால் அவற்றைப் படிக்க இயலாதார் ஒரு சாரார் நம் நடுவிலேயே இருப்பதை எத்தனை பேர் எண்ணினர்?

சிவகாசிப் பிரதேசத்தில் இக்கேள்வி வெறும் தர்ம விசாரமன்று. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவரைக் கணக்கிடுகிறோம், இத்தகைய விபத்துக்களில் பார்வையையோ விரல்களையோ இழந்து உயிர் தப்புவோரை விரைவில் மறந்துவிடுகிறோம்.

கண்ணிழந்தவர் இணையத்தைக் காதால் படிக்கிறார். எழுத்தைக் குரலாக்கும் 'திரைவாசிப்பான்' என்னும் மென்பொருள் அதற்கு உதவுகிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாய்க் கிடைப்பது, தமிழையும் வாசிப்பது. ஆயினும் படமாக ஒட்டிய அறிக்கையை அது உள்ளபடி வாசித்துவிடாது. நாமோ அச்சுக்கூடத்துக்கு அமைத்த நோட்டீசை அப்படியே படமாக்கி இணையத்தில் ஏற்றுகிறோம். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் ஏற்றிய தமிழோ, குரலில் பொருளற்ற ஓசையாகிவிடுகிறது.

பரிகாரம் சுலபம், பெருஞ்செலவும் இல்லை. செய்தியை யூனிகோடு எழுத்திலேயே தருக. படத்தோடு அதன் விளக்கத்தையும் சேர்த்திடுக. செவி கேளாதாருக்காகக் காணொளியில் பேச்சை எழுத்தாக இடுக. விரலிழந்தோர் சுட்டியைப் பிடித்து நகர்த்த வேண்டாதபடி, விசைப்பலகை கொண்டே பக்கம் முழுவதும் உலவ வழி செய்க.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்கள் அவர்களுக்கும் எட்ட வேண்டுமென விதித்தது. அமில வீச்சால் முகம் சிதைந்தோர், கண் சிமிட்ட இயலாமையால் வங்கியின் இணையவழி அடையாளச் சோதனையில் தடைப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கில், இணைய வசதிகளை எட்டுவது வாழ்வுரிமையின் பகுதியே என 2025 ஏப்ரல் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சர்க்காரையும் பெரிய ஸ்தாபனங்களையும் சட்டம் வற்புறுத்தும். தனி மனிதன் எழுதும் பக்கத்துக்கோ அவன் மனச்சாட்சியே காவல்.

விருதுநகர் ஈன்ற காமராஜர் பள்ளிகளைத் திறந்ததோடு நின்றாரில்லை. பசித்த பிள்ளைக்குத் திறந்த கதவும் அடைத்த கதவே என்றுணர்ந்து, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சமத்துவம் பேசும் நம் பக்கங்களும் அவ்வாறே தடை நீங்கியிருத்தல் வேண்டாவா? தேசத் தொண்டர் ஒவ்வொருவரும் இன்றே தம் பக்கத்தைக் கண்ணை மூடிக் குரலால் கேட்டுப் பார்ப்பாராக. கேட்காத இடத்தைத் திருத்துவதே முதற் கடமை.